சுவிட்ச் இல்லாத அந்தோனியார்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி எங்கள் மின்வேலைக்காரர் சங்கத்தில் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல், "அண்ணை, அந்தப் பொன்னாடைக் கதையை எழுதுங்கோ, பிள்ளையளுக்கு ஒரு உற்சாகமாயிருக்கும்" என்றும் சொன்னார்கள். என் வீட்டு அலுமாரியில் சிவப்பும் சரிகையுமாக ஒரு பொன்னாடை இருக்கிறது. நாற்பது வருஷம் மன்னார்க் கரையில் வயர் இழுத்தவனுக்குக் கிடைத்த ஒரே பொன்னாடை. நான் செய்த வேலைகளிலேயே ஆகப் பிழையான வேலைக்குத்தான் அதைப் போர்த்தினார்கள். உற்சாகம் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் சங்கம் என்னைக் கோபிக்க வேண்டாம்.

எங்கள் கரையில் உள்ள அரிப்பு என்ற ஊரில் பிறந்து சுவிஸில் இருபத்தைந்து வருஷம் இருந்த ஒருவர் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தார். மற்றவர்களைப்போல மேல்மாடி வைத்து வீடு கட்டியிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. அவர் ஒரு பழைய பாய்ப்படகை வாங்கினார். தெற்குப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கைவிட்டுப்போன மரப்படகு, முப்பதடி நீளம். அதை லொறியில் ஏற்றி, வழியில் தாழ்வாகத் தொங்கிய கறண்ட் வயர்களையெல்லாம் தடியால் தூக்கிப் பிடித்து அரிப்புக்குக் கொண்டுவந்தார்கள். திருத்தி எடுத்துச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுவதாகத் திட்டம். அவர் அதை 'யாட்' என்றார். ஊர் அதைச் 'சுவிஸ் வள்ளம்' என்றும் அவரைச் 'சுவிஸ்காரர்' என்றும் சொன்னது. நானும் ஊரோடு போகிறேன்.

எங்கள் கடலில் நெஞ்சளவுத் தண்ணீரிலேயே வெகுதூரம் நடந்து போகலாம். சுவிஸ் வள்ளத்துக்கு அதைவிட ஆழம் வேண்டும் என்ற விஷயத்தை, அதை லொறியிலிருந்து இறக்கிய பிறகுதான் அளந்து பார்த்தார்கள். கடைசியில் ஆற்று வாயில் ஆழமான ஓரிடத்தைக் கண்டுபிடித்தார்கள். வேலை முடிந்ததும் அங்கே கட்டுவது என்று முடிவானது.

உள்ளே பார்த்தால் வயர்களையெல்லாம் எலி தின்றிருந்தது. அலுமாரிகள் ஊறி ஊதிப்போயிருந்தன. வயர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், பலகை வேலைக்கு ஓர் ஓடாவியார் வந்தார். வெள்ளாங்குளத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தாய் தகப்பனோடு இந்தியாவுக்குப் போய், அங்கே முகாமில் வளர்ந்து, அங்கத்தைய படகுப் பட்டறைகளில் தச்சு பழகி, மனைவி பிள்ளைகளோடு திரும்பி வந்து அஞ்சு வருஷம். அங்கே அவரைச் 'சிலோன்காரன்' என்றார்களாம். இங்கே நாங்கள் 'இந்தியாக்காரன்' என்றோம். அவர் 'சார்' என்று கூப்பிடுகிற விதத்தை நான் திரும்பச் சொல்லிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். அவரும் சிரிப்பார். அது எவ்வளவு நல்ல மனது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "இதுதான் சார் இங்க வந்து எனக்குக் கிடைச்ச முதல் பெரிய வேலை. இது தண்ணி மேல நல்லா நின்னுச்சுன்னா, கரையில மத்தவங்களும் என்னை நம்பிப் படகு குடுப்பாங்க. நிக்கலேன்னா, ஒரு கதிரை செய்யக்கூட யாரும் கூப்பிட மாட்டாங்க." கரையிலே பேர் எப்படிப் பரவும் என்பதை அவர் சரியாகத்தான் அளந்திருந்தார்.

இரண்டு மாதம் நாங்கள் இரண்டுபேரும் அந்தப் படகின் வயிற்றுக்குள் முழங்காலில் நின்றோம். எத்தனை மீற்றர் வயர், எந்தத் தடிப்பு என்பதெல்லாம் உங்கள் போனில் வீடியோவாகவே இருக்கிறது, அதை நான் எழுதவில்லை. போனில் இல்லாததைச் சொல்கிறேன். நல்ல வேலைக்காரனைக் கெடுப்பது அறியாமை இல்லை, கண்ணுக்கு வடிவு. நான் அந்தப் படகுக்கு ஒரு சுவிட்ச் பலகை செய்தேன். ஆறு ஆறாக இரண்டு வரிசை, பன்னிரண்டு சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் கீழே பேர் எழுதிய சின்னத் தகடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெயின் சுவிட்ச். வந்தவன் போனவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்க்காமல் போனவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

இப்போது பம்பைப் பற்றி ஒரு சொல். இயந்திரம் வைத்த படகில், படகைத் தள்ளுகிற விசிறியின் தண்டு வெளியே போகிற துவாரத்தால் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். அது பழுது இல்லை, இயல்பு. அடியில் சேருகிற அந்தத் தண்ணீரை வெளியே தள்ள ஒரு பம்ப் உண்டு. தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை உயரும், பம்ப் தானாக ஓடும். படகில் ஆள் இல்லாத நேரத்தில் அதுதான் காவல்காரன். ஆகையால் படகில் எதை நிறுத்தினாலும் பம்பை மட்டும் நிறுத்த முடியாதபடி, பற்றறியிலிருந்து அதற்கு நேராக ஒரு கம்பி கொடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அப்படிக் கொடுக்கத்தான் நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து சுவிஸ்காரரின் மனைவி அந்தோனியாரோடு வந்து இறங்கினா. ஒரு முழ உயரச் சுருவம், புனிதரின் சிலை. ஓடாவியார் அதற்கென்று முன்சுவரில் தேக்கில் ஒரு மாடம் செய்து வைத்திருந்தார். நான் பன்னிரண்டாவது சுவிட்சைக் காட்டி, "இது அந்தோனியாற்ற லைட்டுக்கு அக்கா" என்றேன்.

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. "அந்தோனியாருக்குச் சுவிட்ச் போடுறதோ? பிறகு அவரை நிப்பாட்டுறது ஆர், நீங்களோ?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் ஃபிரிட்ஜைக்கூட நிறுத்திவிட்டுப் போவோம், சுருவத்துக்கு முன்னால் எரிகிற சின்ன பல்பில் கை வைக்க மாட்டோம். என் சொந்த வீட்டிலும் அதற்குச் சுவிட்ச் கிடையாது. அதனால் அந்தோனியாருக்குப் பற்றறியிலிருந்து நேர்க்கம்பி கொடுத்தேன். கொடுத்ததில் குற்றம் இல்லை. ஆனால் இப்போது பன்னிரண்டாவது சுவிட்ச் சும்மா இருந்தது. என் பலகையில் பல் விழுந்த வாய்போல ஓர் இடம். இரண்டுநாள் அதைப் பார்த்து அந்தரப்பட்டேன். மூன்றாம்நாள் பம்பை அதில் போட்டு, 'பம்ப்' என்று தகடும் எழுதி ஒட்டினேன். பலகை நிறைந்தது, என் மனதும் நிறைந்தது.

ஓடாவியார் தலையை நீட்டிப் பார்த்தார். "சார், பம்பு மெயின் வழியா போகுதே. மெயினை ஆஃப் பண்ணிட்டா என்ன ஆகும்?"

"நீங்கள் பலகையைப் பாருங்கோ, நான் வயரைப் பாக்கிறன்."

"சரிங்க சார்" என்று சொல்லி அவர் தன் சீவுளிக்குத் திரும்பினார்.

அதோடு நின்றேனா? இல்லை. ஒரு காகித மட்டையில் என் கையாலேயே எழுதினேன்: 'படகைவிட்டு இறங்கும்போது மெயின் சுவிட்சைக் கட்டாயம் நிறுத்தவும்.' அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு, தண்ணீர் பட்டாலும் அழியாதபடி செய்து, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கீழே என் பேரையும் போட்டிருந்தேன்.

பாதர் வந்து படகை மந்திரித்தார். சுவிஸ்காரர் இயந்திரத்தைப் போட்டு, ஒரு டிரோன் மேலே பறக்க, கடலில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தார். அந்த ஓட்டத்தில் தண்டுத் துவாரத்தைச் சுற்றி இறுக்கிய பாக்கிங் கொஞ்சம் தளர்ந்து, சொட்டு கூடியிருக்கிறது. புதுப் பாக்கிங் முதல் ஓட்டத்தில் தளரும், பிறகு முறுக்கினால் சரி. அதற்குள் புருஷனும் மனைவியும் கொழும்பில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். போகும்போது சுவிஸ்காரர் மெயின் சுவிட்சை நிறுத்தினார். இருபத்தைந்து வருஷம் சுவிஸில் இருந்தவர், எழுதி ஒட்டியதற்குக் கீழ்ப்படிகிறவர். எங்கள் ஊர் ஆள் ஒருவர் வாங்கியிருந்தால் அந்த அறிவித்தலைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார், படகும் தப்பியிருக்கும்.

ஆறாம்நாள் காலை கரையிலிருந்து போன் வந்தது. "அண்ணை, சுவிஸ் வள்ளம் குந்திட்டுது. ஓடி வாங்கோ."

போய்ப் பார்த்தால் படகு சேற்றில் குந்தியிருந்தது, மேல்தளம் மட்டும் தெரிந்தது. கரையில் அரிப்பில் பாதிச் சனம். ஏறி, கதவால் உள்ளே எட்டிப் பார்த்தேன். மெத்தைகள் மிதந்தன. அலுமாரிக் கதவுகள் திறந்து கிடந்தன. இருட்டுக்குள் அந்தோனியார் மட்டும் வெளிச்சமாக நின்றார். தண்ணீர் அவருடைய பாதத்துக்கு நாலு விரல் கீழே நின்றிருந்தது. படகு சேற்றில் தட்டியதால் அதற்குமேல் தண்ணீர் ஏற வழியில்லை. பற்றறியை உயரத் தட்டில் வைத்திருந்தேன், அதனால் லைட் எரிந்தது. எனக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஒரு அம்மா, "அந்தோனியாரே!" என்று கத்தினா. கரையில் செபமாலை தொடங்கிவிட்டது.

"புதுமை! அந்தோனியாற்ற அற்புதம்! புதுமை நடந்திட்டுது!"

ஒரு மணித்தியாலத்துக்குள் படம் போன்களில் ஓடத் தொடங்கியது. பேசாலையிலிருந்து மோட்டார் சைக்கிள்களில் சனம் வந்தது. "வெள்ளத்துக்குள்ளயும் அணையாத லைட்! வயர் இழுத்தது ஆர்?" என்று கேட்டார்கள். என்னைக் காட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார்.

நான் அப்போது மெயின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியபடி இருந்தது. பக்கத்தில் என் அறிவித்தல், ஒரு துளி நனையாமல். திரும்பினால் ஓடாவியார் நின்றார். அவர் தன் பலகைகள் ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே சுவிட்சைப் பார்த்தார், அறிவித்தலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மீன்பிடிகாரர் தங்கள் பம்புகளைக் கொண்டுவந்து தண்ணீரை இறைத்தார்கள். மத்தியானம் சுவிஸ்காரர் வந்து சேர்ந்தார். லைட் அணையாதது புதுமை என்றால், தண்ணீர் வந்தது எப்படி? புதுமைக்கு ஒரு புனிதர் கிடைத்தார், பழிக்கு ஒரு ஆள் வேண்டும். எல்லாருடைய கண்ணும் ஓடாவியார் பக்கம் திரும்பியது.

"பலகை மூட்டு விட்டிட்டுதுபோல. இந்தியாவில படிச்ச தச்சு எங்கட தண்ணிக்குச் சரிவராது" என்றார் ஒருவர். முந்தினநாள் வரை எங்கள் கடலும் அவர்கள் கடலும் ஒரே கடலாகத்தான் இருந்தது.

"தண்டுப் பக்கம் பாருங்க சார், அங்கதான் சொட்டுது. பம்பு..." என்று ஓடாவியார் தொடங்கினார்.

"செய்தது பிழை, அதுக்குள்ள கதையும் வேறயோ?" என்று சுவிஸ்காரர் வெட்டினார்.

ஓடாவியார் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருந்தால், இந்தக் கதை ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும், இதை எழுத வேண்டிய தேவையும் இருந்திராது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் அறிவித்தலைச் சுவரிலிருந்து உரித்து, காற்சட்டைப் பைக்குள் வைத்தேன்.

அது வியாழக்கிழமை. அடுத்த மூன்று நாளும் எனக்கு நானே வழக்கறிஞராக இருந்தேன். பாக்கிங்கை முறுக்காமல் விட்டது என் வேலை இல்லை. சுவிட்ச் வேண்டாம் என்றது அந்த மனிசி. நிறுத்தினது சுவிஸ்காரர். சனத்தின் விசுவாசத்தை நான் ஏன் குலைக்க வேண்டும்? இந்தக் கடைசி நியாயம் எனக்கு மெத்தப் பிடித்திருந்தது. என்னுடைய பயத்துக்கு அது ஒரு வெள்ளை அங்கி போட்டுவிட்டது. அறிவித்தலை வீட்டில் வைத்தால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று என்னோடேயே கொண்டு திரிந்தேன். பிளாஸ்டிக் போட்ட மட்டை மடியாது. குந்தினால் எழும்பினால் அதன் மூலை தொடையில் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆற்றங்கரையில் நன்றிக்கூட்டம். படகு மறுபடி மிதந்தது; உள்ளே அந்தோனியார் பிரகாசமாக நின்றார். மைக் வைத்திருந்தார்கள். போகிற வழியில் ஒருவர் சொன்னார், ஓடாவியாரைப் போகச் சொல்லியாகிவிட்டது, அவர் தன் தச்சு ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்று. சுவிஸ்காரர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "சில பேற்ற வேலை எங்களைக் கைவிட்டாலும், இவற்ற வேலை வெள்ளத்திலயும் அணையேல்லை" என்று பேசினார். சனம் கைதட்டியது. நான் வணக்கம் சொல்லக் குனிந்தேன். மூலை குத்தியது.

மைக்கை என் கையில் தந்தார்கள். நான் தைரியசாலி இல்லை. அந்தக் கைதட்டல் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் நன்றி சொல்லி இறங்கியிருப்பேன். ஆனால் 'சில பேர்' என்ற அந்தச் சொல் காதை விட்டுப் போகவில்லை. அந்தச் சில பேர் ஒரே ஆள், அவர் அந்த நேரம் தன் ஆயுதப் பெட்டியோடு தெருவில் நிற்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. பைக்குள்ளிருந்து மட்டையை எடுத்து, என் பேர் வரைக்கும் வாசித்தேன்.

"இதை எழுதி ஒட்டினது நான். பம்பை மெயினில போட்டது நான். வள்ளத்தைத் தாட்டது நான்தான். ஓடாவியாற்ற பலகையில ஒரு பழுதும் இல்லை."

சுவிஸ்காரரின் மனைவிதான் முதலில் கேட்டா: "அப்ப அந்தோனியார்?"

"அவருக்கு நேர்க்கம்பி அக்கா. பம்புக்குப் போகவேண்டிய கம்பி."

நம்பாத முகங்களாக இருந்தன. பொன்னாடையோடேயே படகுக்குள் இறங்கினேன். மெயினை நிறுத்தினேன். ஒரு வாளித் தண்ணீரை அடியில் ஊற்றினேன். பம்ப் அசையவில்லை, அந்தோனியார் சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய கம்பியைக் கழற்றினேன். மாடம் இருண்டது. மேலே சனம் "ஐயோ" என்றது. நாற்பது வருஷத்தில் ஒரு சுருவத்தின் லைட்டை நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

வாசலில் பாதர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தோனியார் இருட்டுக்குப் பயந்தவரில்லை. நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்றார்.

அந்தக் கம்பியைப் பம்பில் பூட்டினேன். பம்ப் ஓடியது. தண்ணீர் வெளியே சீறி, கரையோரம் நின்றவர்களின் ஞாயிற்றுக்கிழமை உடுப்பையெல்லாம் நனைத்தது.

எல்லாரும் என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் சனத்தை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். பின்னேரத்துக்குள் கதை மாறிவிட்டது: கல் மனதுக்காரன் ஒருவனை மைக்குக்கு முன்னால் உண்மை பேச வைத்ததும் அந்தோனியார்தானாம். இரண்டாவது புதுமை. பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். அதனால்தான் அது இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. பிழை எல்லாரும் விடுவோம், பிள்ளைகளே. வயரில் விட்ட பிழையைத் திருத்த எனக்குப் பத்து நிமிஷம்கூடப் போகவில்லை. உரித்துப் பைக்குள் வைத்த பிழையைத்தான் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்று பம்ப் ஓடியதும் நான் படகிலிருந்து இறங்கி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். பஸ் பிந்தியிருந்தது. ஓடாவியார் தன் பெட்டிமேல் குந்தியிருந்தார்.

"ஓடாவியார், சொல்லிப்போட்டன். மைக்கில, எல்லாருக்கும் முன்னால."

அவர் தலையாட்டினார். என் பொன்னாடையைப் பார்த்தார். அது கழுத்திலேயே கிடந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

"நான் சொல்லியிருந்தா, பழிய அடுத்தவன் மேல போடுறான்னு சொல்லியிருப்பாங்க சார். நீங்க சொன்னாத்தான் எடுபடும். அதனால மூணு நாள் காத்திருந்தேன்."

"என்னை மன்னிக்கோணும்."

"இன்னிக்கு பஸ் நேரத்துக்கு வந்திருந்தா, இதை யார்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்க?"

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த கிழமை சுவிஸ்காரர் தானே வெள்ளாங்குளத்துக்குப் போய், திரும்ப வரச்சொல்லிக் கேட்டார். ஓடாவியார் தேத்தண்ணி கொடுத்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, அவரை மூன்றுநாள் காக்க வைத்தார். நாலாம்நாள் வந்தார். நான் படகில் நின்றேன். பம்புக்கு நேர்க்கம்பி, அந்தோனியாருக்குத் தனியாக ஒரு சின்னப் பற்றறி, பன்னிரண்டாவது சுவிட்ச் வெறுமை. எல்லாவற்றையும் காட்டினேன்.

"மெயினை நிறுத்துங்க சார்" என்றார் ஓடாவியார்.

நிறுத்தினேன். அவர் ஒரு கையில் பெட்டியைப் பிடித்தபடியே மற்றக் கையால் வாளியைத் தூக்கி, தண்ணீரை அடியில் ஊற்றினார். பம்ப் ஓடத் தொடங்கியது. கடைசித் தண்ணீர் வெளியே போகும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவர் தன் பெட்டியைக் கீழே வைத்தார்.